சுமாத்திராவில் மழை, ஹட்டனில் கடன் கொப்பி

கடலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று மலையகத்தில் கடை நடத்தும் நாம் நினைப்பதுண்டு. நானும் அப்படித்தான் இருந்தேன். 2016ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள் அந்த எண்ணத்தை மாற்றின.

ஐப்பசி, கார்த்திகையில் பெய்ய வேண்டிய மழை அவ்வருடம் ஏமாற்றியது. கொழுந்து குறைந்தால் தோட்டத்தில் அரைப் பேர். அரைப் பேர் விழுந்தால் சம்பளம் குறையும். சம்பளம் குறைந்தால் நமது கடன் கொப்பி தடிக்கும். இது நாம் அறிந்த கதை. அது எங்கே தொடங்குகிறது என்பதைத்தான் நாம் பார்ப்பதில்லை.

அது கடலில் தொடங்கியது. அவ்வாண்டு இந்து சமுத்திரத்தின் சுமாத்திராப் பக்கம் வழமையைவிடச் சூடாகவும், கிழக்கு ஆபிரிக்கப் பக்கம் குளிராகவும் இருந்தன. சூடான கடலின் மேல் காற்று எழும்பும். அவ்விடத்தை நிரப்ப மற்றப் பக்கத்துக் காற்று ஈரத்தோடு ஓடும். மழை இந்தோனேசியாப் பக்கம் போனது. இலங்கையும் கென்யாவும் சேர்ந்தே காய்ந்தன. 1999இல் விஞ்ஞானிகள் 'இந்து சமுத்திர இருமுனை' என்று அடையாளம் கண்ட மாற்றம் இதுதான். பசுபிக் கடலின் லா நினாவும் அதற்குத் துணை போனது.

2015இல் சுமார் 329 மில்லியன் கிலோவாக இருந்த நமது தேயிலை உற்பத்தி, 2016இல் சுமார் 293 மில்லியனாக இறங்கியது. களைகொல்லித் தடை போன்ற வேறு காரணங்களும் அதற்கு உண்டு. 2017இல் கென்யாவின் விளைச்சலும் குறைய, 470 ரூபாவளவில் இருந்த கொழும்பு ஏலச் சராசரி 600 ரூபாவைத் தாண்டியது. ஆனால் தொழிலாளியின் நாட்கூலி ஏலத்தோடு ஏறுவதில்லை. ஆகவே அந்த ஏற்றம் நமது கல்லாவுக்கும் வரவில்லை.

'மொன்சூன்' என்ற சொல்லே 'மவ்ஸிம்' என்ற அரபுச் சொல்லில் பிறந்தது. காற்றின் காலம் அறிந்து பாய் விரித்த வியாபாரிகளின் வழிவந்தவர்கள் நாம். இன்று அவுஸ்திரேலிய வானிலைப் பணியகம் இந்தக் கடல் நிலவரத்தைத் தொடர்ந்து வெளியிடுகிறது. ஆடி, ஆவணியிலேயே அதைப் பார்த்துவிடுவேன். சுமாத்திராப் பக்கம் சூடேறினால், மெதுவாக விலைபோகும் சரக்குக்கு ஓடரைக் குறைத்து, கையில் காசு வைத்துக்கொள்வேன்.

அரிசியையும் மாவையும் பதுக்கச் சொல்லவில்லை. அது மார்க்கம் தடுத்த காரியம். கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்குத் தவணை கொடுக்கச் சொல்கிறது குர்ஆன். கையில் காசுள்ள வியாபாரிக்குத்தான் அது முடியும். மழையைத் தருபவன் அல்லாஹ். அடையாளங்களைப் பார்த்து நடப்பது நமது கடமை.