மார்க் போடுற சீனியரே தப்பு செய்தால்? புது போலீஸ்காரருக்கு ரோட்டில் நடக்கும் பரீட்சை

2020, மே 25. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரம். கள்ள நோட்டு பற்றி ஒரு கடையிலிருந்து வந்த புகாருக்கு முதலில் போய் நின்ற இரண்டு போலீஸ்காரர்களுமே புதியவர்கள். பயிற்சி முடித்த தாமஸ் லேனுக்கு அது வேலையில் நான்காவது நாள். அலெக்ஸாண்டர் கியூங்குக்கு அதைவிடக் குறைவு.

பிறகு வந்து சேர்ந்தவர், 19 வருட அனுபவம் உள்ள டெரிக் ஷாவின். ஜார்ஜ் ஃப்ளாய்டின் கழுத்தை அவர் முழங்காலால் அழுத்தியபடி இருந்தபோது, ‘பக்கவாட்டில் திருப்பிவிடலாமா?’ என்று லேன் இரண்டு முறை கேட்டார். ஷாவின் ஒத்துக்கொள்ளவில்லை. 9 நிமிடங்களுக்கும் மேல் அந்த முழங்கால் எடுக்கப்படவே இல்லை. ஃப்ளாய்ட் இறந்துபோனார்.

அந்த வீடியோவைப் பார்த்த பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. கியூங்குக்குக் களப்பயிற்சி கொடுத்தவர்களில் ஷாவினும் ஒருவர்.

களப்பயிற்சி என்றால் என்ன?

போலீஸ் அகாடமியில் சட்டம், துப்பாக்கி, உடற்பயிற்சி எல்லாம் படித்து முடித்தாலும், அமெரிக்காவில் உடனே தனியாக ரோந்து போக விடமாட்டார்கள். சில மாதங்கள் ஓர் அனுபவசாலியுடன் ஒரே காரில் சுற்ற வேண்டும். அந்த சீனியருக்கு ‘ஃபீல்டு ட்ரெய்னிங் ஆபீசர்’ என்று பெயர்.

இந்த முறை பிறந்தது கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில். 1970-ல் அங்கே ஒரு புதிய போலீஸ்காரர் பணியில் இருந்தபோது கவனமில்லாமல் வண்டி ஓட்டியதில் விபத்து நடந்து, ஓர் உயிர் போனது. அவருடைய ஃபைலைப் புரட்டினால், அவர் வேலையில் குறைகள் இருந்தது மற்றவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. ஆனால், வேலையைவிட்டு எடுக்கும் அளவுக்கு யாரும் அதை ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. அதன் பிறகுதான், ‘தினமும் கவனி, தினமும் எழுது’ என்ற முறை வந்தது.

மார்க் எப்படிப் போடுவார்கள்?

ஒவ்வொரு ஷிஃப்ட் முடிந்ததும் ட்ரெய்னர் ஒரு தினசரி ரிப்போர்ட் எழுதுவார். வண்டி ஓட்டுவது, வயர்லெஸ்ஸில் பேசுவது, ரிப்போர்ட் எழுதுவது, மக்களிடம் நடந்துகொள்வது, பாதுகாப்பாக இருப்பது என சுமார் 30 விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மார்க். 4 வந்தால் பாஸ். ரொம்பக் குறைவாகவோ ரொம்ப அதிகமாகவோ போட்டால், ஏன் என்று எழுதியாக வேண்டும். எவ்வளவு சொல்லிக் கொடுத்தும் தேறவில்லை என்றால், அதைக் குறிக்கவும் தனியாக ஒரு கட்டம் உண்டு.

ஆரம்பத்தில் பெரும்பாலான வேலையை ட்ரெய்னர் செய்வார். போகப் போகப் பொறுப்பு புதியவர் கைக்கு மாறும். நடுவில் ட்ரெய்னரும் ஷிஃப்ட்டும்கூட மாறும். கடைசிக் கட்டத்தில் பல ஊர்களில் ட்ரெய்னர் மஃப்டியில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பார். எல்லாவற்றையும் புதியவரே சமாளிக்க வேண்டும்.

அப்புறம் எங்கே சிக்கல்?

சொல்லிக் கொடுப்பவரும் மார்க் போடுபவரும் ஒரே ஆள். ப்ரொபேஷனில் இருக்கும்போது, டீம் லீட் சொல்வது தப்புன்னு தெரிஞ்சும், “அப்ரைசல் அவர் கையிலதானே இருக்கு”ன்னு பேசாம இருந்தவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். ஆபீஸில் அதனால் ஒரு ப்ராஜெக்ட் சொதப்பலாம். ரோட்டில் ஓர் உயிர் போகலாம்.

ட்ரெய்னரின் பழக்கமும் தொற்றிக்கொள்ளும். டல்லாஸ் நகர போலீஸ் பற்றிய ஓர் ஆய்வில், புதியவர்கள் பின்னாளில் சந்தித்த புகார்களுக்கும், அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் யார் என்பதற்கும் தொடர்பு இருப்பது தெரிந்தது.

வேறு வழி இருக்கிறதா?

நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் 2000-ம் ஆண்டை ஒட்டி ஒரு மாற்று முறை உருவானது. அதில் தினசரி மார்க் கிடையாது. ஒரு தெருவில் அடிக்கடி வரும் பிரச்சினையை எடுத்து, அதற்குப் புதியவரே தீர்வு தேட வேண்டும். தினமும் டைரி எழுதலாம், அதற்கு மார்க் கிடையாது. முக்கியமாக, பயிற்சி கொடுப்பவர் ஒருவர், மதிப்பிடுபவர் இன்னொருவர்.

நியூ ஆர்லியன்ஸ் போலீஸ் 2016-ல் இன்னொரு பக்கத்திலிருந்து தொடங்கியது. சக போலீஸ்காரர் எல்லை மீறினால், அவர் சீனியராகவே இருந்தாலும், எப்படித் தடுப்பது என்பதையே ஒரு பாடமாக வைத்தார்கள். ஃப்ளாய்ட் மரணத்துக்குப் பிறகு, அதே பாணிப் பயிற்சியை நாடு முழுக்கக் கொண்டுபோகும் திட்டத்தை ஜார்ஜ்டவுன் சட்டக் கல்லூரி தொடங்கியது.

‘சீனியர் சொன்னார்’ எடுபடுமா?

மினியாபொலிஸ் வழக்கில் இந்த வாதமும் வைக்கப்பட்டது. ‘நாங்கள் புதியவர்கள், அவர் சீனியர்’ என்பதை ஃபெடரல் நீதிமன்றத்தின் ஜூரி ஏற்கவில்லை. 2022-ல் லேனுக்கு இரண்டரை ஆண்டு, கியூங்குக்கு 3 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

இத்தனைக்கும் லேன் கேள்வி கேட்டவர். கேட்டார், பதில் வந்தது, அதோடு விட்டுவிட்டார். அந்த இடத்தில் ஒரு புதியவர் அடுத்த அடி எடுத்து வைக்கணும்னா, அதுக்காக அவரோட மார்க் குறையாதுன்னு அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்.