நூறு டாலர் கருவி போதுமா? தோட்டாவின் வேகத்தை அளப்பவர்களுக்கு ஒரு கணக்கு

அமெரிக்காவில் துப்பாக்கிச் சாமான் விற்கும் கடையில் குரோனோகிராஃப் வேண்டும் என்று கேட்டால், நூறு டாலர் சொச்சத்துக்கு ஒன்றும் அறுநூறு டாலர் வரை விலை போட்ட இன்னொன்றும் எடுத்து வைப்பார்கள். இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். குழலைவிட்டுப் புறப்பட்ட குண்டு நொடிக்கு எத்தனை அடி வேகத்தில் போகிறது என்று ஓர் எண்ணைக் காட்ட வேண்டும். அப்படியானால் கூடுதலாகக் கொடுக்கும் நானூறு, ஐந்நூறு டாலர் எதற்கு? தோட்டாவைத் தன் கையாலேயே நிரப்பிச் சுடுகிறவர்களைக் கடை வாசலில் நிறுத்தும் கேள்வி இது.

கையால் நிரப்புவது அங்கே பெரிய பொழுதுபோக்கு. நிறையச் சுடுகிறவர்களுக்குச் சிக்கனமும்கூட. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கி, அச்சில் அமுக்கிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்து, தீப்பற்றவைக்கும் புது பிரைமர் பொருத்தி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, குண்டைச் செருகினால் மறுபடியும் ஒரு தோட்டா. (இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்கக் கூடாது. இங்கே சொல்வது அமெரிக்க நிலவரம்.)

ஆலையில் செய்த தோட்டாவின் அட்டைப்பெட்டியிலேயே வேகம் அச்சிட்டிருக்கும். கையால் நிரப்பியவருக்கு இருக்கும் ஒரே துணை, மருந்து நிறுவனங்களும் குண்டு நிறுவனங்களும் வெளியிடும் கையேடு. அதில் உள்ள வேகம் அவர்களுடைய சோதனைக் குழலில் கிடைத்தது. உங்கள் குழலில் அது வராது. .308 வின்செஸ்டர் ரைஃபிளில் குழலின் நீளம் ஓர் அங்குலம் குறைந்தால் நொடிக்கு ஏறக்குறைய 20 முதல் 25 அடி வேகம் குறையும். கையேட்டுக்காரர் 24 அங்குலக் குழலில் சுட்டிருக்க, உங்களுடையது 20 அங்குலம் என்றால் எண்பது, நூறு அடி அங்கேயே போய்விடுகிறது. குழலின் உள்விட்டம், வெயில், கூட்டின் சுவர்த் தடிமன் எல்லாம் அதற்குமேல்.

வேகத்தை அளப்பதற்குப் பாதுகாப்பும் ஒரு காரணம். என்னைக் கேட்டால் அதுதான் முதல் காரணம். தோட்டா வெடிக்கும்போது அறைக்குள் எழும் அழுத்தத்துக்கு அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பான சாமி உச்சவரம்பு வைத்திருக்கிறது; .308 வின்செஸ்டருக்கு அது சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. வீட்டில் நிரப்புகிற சாதாரண ஆளிடம் அந்த அழுத்தத்தை அளக்கும் வசதி கிடையாது. ஆனால் வேகம் காரணமில்லாமல் கூடிவிடாது. அதே மருந்து, அதே குண்டு, அதே நீளக் குழல் என்ற நிலையில் கையேட்டின் உச்ச வேகத்தைத் தாண்டி எண் வந்தால், அழுத்தமும் வரம்பைத் தாண்டியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கூட்டில் வெளிப்படையான அறிகுறி ஏதும் தெரியவில்லையே என்று மேலே மேலே போவது மடத்தனம். இந்த எச்சரிக்கையைப் பெற நூறு டாலர் கருவியே தாராளம்.

இன்னொரு கூட்டம் விதிமுறைக்காக அளக்கிறது. அமெரிக்காவில் யுஎஸ்பிஎஸ்ஏ என்ற அமைப்பு நடத்தும் கைத்துப்பாக்கிப் போட்டிகளில், கிரெய்ன் என்ற எடையலகில் குண்டின் எடையை வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வரும் எண் குறைந்தது 125 இருக்க வேண்டும். பெரிய போட்டிகளில் உங்கள் தோட்டாவை வாங்கி அங்கேயே சுட்டு அளப்பார்கள். 124 கிரெய்ன் குண்டு நொடிக்கு 1,010 அடியில் போனால் 125.2, தேறியாயிற்று. உங்கள் வீட்டுக் கருவி ஒரு சதவீதம் கூட்டிக் காட்டியிருந்தால் உண்மையில் 124தான், அன்றைய மதிப்பெண் பூஜ்யம். இதற்காக விலை உயர்ந்த கருவிக்கு ஓட வேண்டாம். 1,050 அடிக்கு நிரப்பிக்கொண்டால் 130 வந்துவிடும். கருவியின் பிழையெல்லாம் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும்.

இப்படி அளப்பது புதிதல்ல. குண்டின் வேகத்தை முதன்முதலில் உருப்படியாக அளந்தவர் பென்ஜமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். கனமான மரக்கட்டையைத் தொங்கவிட்டு, அதில் குண்டைப் பாயவிட்டு, கட்டை எவ்வளவு தூரம் ஊசலாடியது என்று பார்த்துக் கணக்கிட்டார். 1742இல் அவர் வெளியிட்ட பீரங்கியியல் நூலை மூன்றே ஆண்டுகளில் கணிதமேதை ஆய்லர் ஜெர்மனில் மொழிபெயர்த்து, தன் விளக்கங்களையும் சேர்த்தார். வேகமாகப் போகும் குண்டைக் காற்று எந்த அளவுக்குத் தடுக்கிறது என்பது அதுவரை யாரும் நினைத்ததைவிட மிக அதிகம் என்று ராபின்ஸின் அளவுகள் காட்டின. அவர் வாழ்க்கை முடிந்தது நம் கடலூரில். கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டைகளைப் பலப்படுத்தத் தலைமைப் பொறியாளராக அனுப்ப, இங்கே வந்து காய்ச்சலில் விழுந்து 1751இல் செயின்ட் டேவிட் கோட்டையில் இறந்தார். நூறாண்டு கழித்து, 1860களில், பெல்ஜியப் பீரங்கிப் படை அதிகாரி லெ பூலாஞ்ஜே கம்பிகளையும் மின்காந்தங்களையும் வைத்து ஒரு கருவி செய்தார். குண்டு முதல் கம்பியை அறுத்ததும் ஒரு கோல் விழும், இரண்டாவதை அறுத்ததும் அதில் ஒரு கீறல் பதியும். இரண்டு இடங்களுக்கு நடுவே எவ்வளவு நேரம் என்று பார்க்கும் அந்த முறையைத்தான் இன்றைய நூறு டாலர் கருவியும் பின்பற்றுகிறது.

கம்பிக்குப் பதில் இப்போது ஒளி. ஒரு பெட்டியில் அடி, இரண்டடி இடைவெளியில் இரண்டு ஒளி உணரிகள் மேலே பார்த்தபடி இருக்கும். அவற்றுக்குமேல் வெள்ளைப் பிளாஸ்டிக் தடுப்பு. குண்டு கடக்கும்போது விழும் கணநேர நிழலை முதல் உணரி பார்த்ததும் கடிகாரம் ஓடும், இரண்டாவது பார்த்ததும் நிற்கும். நொடிக்கு 3,000 அடியில் போகும் குண்டு இரண்டடியைக் கடக்க எடுக்கும் நேரம் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 667 பங்கு. இதை எண்ணுவது இன்றைய மின்னணுவியலுக்குப் பெரிய காரியமே இல்லை. மலிவான கருவி தடுமாறுவது வேறிடத்தில். நிழலை எந்தப் புள்ளியில் பார்த்தது என்பதில் எட்டில் ஓர் அங்குலம் முன்பின் ஆனால், இரண்டடி இடைவெளியில் 15 அடி பிழை; ஓரடி இடைவெளியில் 30 அடி. கருவி குண்டின் பாதைக்கு ஐந்து பாகை சாய்ந்திருந்தால் 11 அடி குறைத்துக் காட்டும். சூரியன் பக்கவாட்டில் தாழ்ந்து உணரிக்குள் அடித்தால் சில சுடுகளுக்கு எண்ணே வராது. கூரை போட்ட சுடுதளத்தின் குழல்விளக்கு, மின்சாரத்தின் தாளத்துக்கு நொடிக்கு 120 முறை மினுக்குவதால் சில கருவிகள் உளற ஆரம்பிக்கும். அதற்கென்று தனியாக அகச்சிவப்பு விளக்குத் தொகுதி வாங்க வேண்டும். குழலுக்கு மிக அருகில் வைத்தால் வெடிப்பின் அதிர்வே உணரியை ஏமாற்றும். அதனால் பத்துப் பதினைந்து அடி தள்ளி வைப்பார்கள். தள்ளி வைத்ததைச் சரியாகக் குறிபார்க்காமல் சுட்டுத் துளைத்தவர்கள் ஏராளம். வாங்கும்போதே, காட்சித் திரை கருவியிலேயே இல்லாமல் கையருகில் இருக்கும் மாதிரியாக, அல்லது கைபேசிக்கு எண்ணை அனுப்பும் மாதிரியாகப் பார்ப்பது நல்லது. குண்டு பட்டால் போவது உணரிப் பெட்டி மட்டும்தான் என்றால் ஓரளவு ஆறுதல்.

இந்தத் தடுமாற்றங்களுக்கு எனக்குத் தெரிந்த அழகான மருந்து, டெக்சஸின் ஆஸ்டினில் உள்ள ஓலர் நிறுவனத்தின் 35பி கருவியில் இருக்கிறது. இரண்டுக்குப் பதில் மூன்று உணரிகள். ஒரே குண்டு இரண்டு முறை அளக்கப்படும். இரண்டு எண்களும் ஒத்துவந்தால் நம்பலாம், வராவிட்டால் கருவியே அந்தச் சுடுக்குக் குறி போட்டுக் காட்டிவிடும். மலிவான கருவி தன் பிழையைத் தானே ஒப்புக்கொள்ளாது. சுடுகிறவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒளித் தகராறே வேண்டாம் என்பவர்களுக்குச் சுமார் இருநூறு டாலரில் தொடங்கும் மேக்னட்டோஸ்பீடு இருக்கிறது. துப்பாக்கிமுனைக் கத்திபோல் குழலின் அடியில் வாரால் கட்டிக்கொள்ளும் சட்டம் அது. குண்டு கடப்பதை இரண்டு காந்த உணரிகள் பிடிக்கும். வெயில், மேகம், விளக்கு எதுவும் ஒரு பொருட்டில்லை. சாய்வுப் பிழைக்கும் இடமில்லை. ஆனால் குழலில் ஒரு கனம் தொங்கும்போது குழலின் அதிர்வு மாறும், குண்டு விழும் இடமும் நகரும். ஆகவே வேகத்தை ஒரு தடவையும் துல்லியத்தை இன்னொரு தடவையும் தனித்தனியாகச் சுட்டுப் பார்க்க வேண்டும். தோட்டாச் செலவு அங்கே ஏறும். பெரும்பாலான கைத்துப்பாக்கிகளில் கட்ட இடமே இருக்காது.

விலைப்பட்டியலின் உச்சியில் இருப்பது ரேடார். ரயில் ஊதிக்கொண்டே நம்மைக் கடக்கும்போது சத்தத்தின் சுருதி மாறுகிறதே, அதே டாப்ளர் விளைவுதான். 24 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பி, குண்டில் பட்டுத் திரும்புவதைக் கேட்கிறது. நொடிக்கு 800 மீட்டரில் விலகிச் செல்லும் குண்டு, திரும்பும் அலையில் 1,28,000 ஹெர்ட்ஸ் வித்தியாசத்தை உண்டாக்கும். கனடாவின் இன்ஃபினிஷன் நிறுவனம் கொண்டுவந்த லாப்ரடார் என்ற ஆரஞ்சு நிறப் பெட்டிதான் இதை முதலில் சாதாரணச் சுடுநர்களிடம் சேர்த்தது. அதற்குச் சொல்லப்படும் துல்லியம் 0.1 சதவீதம், 3,000 அடிக்கு 3 அடி. வெடிச்சத்தம் கேட்டு விழித்துக்கொள்ளும் கருவி என்பதால் பக்கத்து மேசைக்காரர் சுட்டாலும் சில நேரம் விழிக்கும். 2023இன் இறுதியில் கார்மின் நிறுவனம் ஜீரோ சி1 ப்ரோ என்று கையகலக் கருவியை 600 டாலருக்கு விட்டது. மேசையில் வைத்து, குறி இருக்கும் திசைக்குத் திருப்பி, பொத்தானை அமுக்கினால் போதும். பிறகு ஆத்லான் போன்ற நிறுவனங்கள் அதைவிடக் குறைந்த விலையில் வந்தன.

ரேடாரின் பெரிய லாபம் துல்லியம் என்று விளம்பரம் சொல்லும். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. பொதுச் சுடுதளத்தில் ஒளிக்கருவியைச் சுடும் கோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைக்க, எல்லாரும் சுடுவதை நிறுத்தும் இடைவேளை வரை காத்திருக்க வேண்டும். காற்றில் முக்காலி சாய்ந்தால் அடுத்த இடைவேளைக்குக் காத்திருக்க வேண்டும். ரேடார் இருக்கிற இடத்தைவிட்டு எழுந்திருக்கவே வேண்டியதில்லை. கூட்டமான தளத்தில் மட்டுமே சுடக் கிடைப்பவருக்கு அந்த வசதிக்கே அதிக விலை கொடுக்கலாம். சொந்த நிலத்தில், நாள் முழுக்க யாரும் தொந்தரவு செய்யாத இடத்தில் சுடுகிறவருக்கு அதே பணம் வீண். எங்கே சுடுகிறோம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இனி வருவது, கையால் நிரப்புகிறவர்கள் அதிகம் பேசி அதிகம் ஏமாறும் விஷயம்: வேகம் தோட்டாவுக்குத் தோட்டா எவ்வளவு மாறுகிறது என்பது. அதைத் திட்டவிலக்கம் என்ற ஒற்றை எண்ணால் சொல்வார்கள். நூறு கஜத்தில் இது பெரிதாக உறுத்தாது. 2,600 அடி வேகத் தோட்டாக்களில் 50 அடி வித்தியாசம் இருந்தால்கூட மேலும் கீழும் பத்தில் ஓர் அங்குலம்தான். அதுவே ஆயிரம் கஜத்தில் ஒன்றரை அடியை எட்டிவிடும். ஆகவே தொலைதூரம் சுடுகிறவர் திட்டவிலக்கத்தை ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவரப் பாடுபடுவதில் நியாயம் இருக்கிறது. முன்னூறு கஜத்துக்குள் வேட்டைக்குப் போகிறவர் பாடுபடுவது பொழுதுபோக்கு.

பாடுபடும் விதத்தில்தான் கோளாறு. ஐந்து தோட்டா சுடுகிறார், திட்டவிலக்கம் 10 வருகிறது. மருந்தைச் சற்று மாற்றி இன்னும் ஐந்து சுடுகிறார், 7 வருகிறது. "கண்டுபிடித்துவிட்டேன்" என்கிறார். புள்ளியியலைக் கேட்டால் அது வேறு சொல்லும். ஐந்து சுடுகளில் 10 வந்தால் உண்மையான திட்டவிலக்கம் 6 முதல் 29 வரை எதுவாகவும் இருக்கலாம், 95 சதவீத நம்பகத்தில் இதற்குமேல் குறுக்கிச் சொல்ல முடியாது. இருபது சுட்டால் அந்த எல்லை ஏறக்குறைய 7.6 முதல் 14.6 வரை சுருங்கும். மிகக் கூடிய வேகத்துக்கும் மிகக் குறைந்த வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இன்னும் மோசம். அது சுடச்சுடப் பெருகிக்கொண்டே போகும். உண்மைத் திட்டவிலக்கம் 12 உள்ள தோட்டாவில் ஐந்து சுட்டால் சராசரியாக 28 வரும், இருபது சுட்டால் 45. தோட்டா கெட்டுப்போகவில்லை.

இதில் கருவியின் பங்கு எவ்வளவு? கருவியின் தாறுமாறான பிழையும் தோட்டாவின் மாறுபாடும் நேராகக் கூடுவதில்லை, வர்க்கங்களாகக் கூடும். தோட்டாவின் திட்டவிலக்கம் 12, கருவியின் பிழை 4 என்றால் திரையில் வருவது 12.6. கருவி இருப்பதே தெரியவில்லை. தோட்டாவின் திட்டவிலக்கம் 5, கருவியின் பிழை 8 என்றால் திரையில் 9.4; இப்போது நீங்கள் பெரும்பாலும் அளப்பது கருவியைத்தான். ஒற்றை இலக்கத்தைத் துரத்துகிறவருக்கு ரேடாரோ காந்தச் சட்டமோ உண்மையிலேயே வேண்டும். மற்றவர்களுக்கு வேண்டியது தோட்டா. ஒரு ரைஃபிள் தோட்டாவை நிரப்ப ஒரு டாலர் என்று வைத்துக்கொண்டால், ரேடாரில் மிச்சப்படுத்திய நானூறு டாலரில் இருபது இருபதாக இருபது தொகுதி சுட்டுப் பார்க்கலாம்.

எப்போதும் ஒரே அளவு கூட்டியோ குறைத்தோ காட்டும் பிழை வேறு ரகம். அது திட்டவிலக்கத்தைக் கெடுக்காது, ஆனால் தொலைதூரத்தில் குண்டு எவ்வளவு தாழும் என்ற அட்டவணையைக் கெடுக்கும். அதைத் திருத்தப் புதுக்கருவி தேவையில்லை. அறுநூறு கஜத்தில் உண்மையில் எங்கே விழுகிறது என்று சுட்டுப் பார்த்து, கணிப்பு மென்பொருளில் வேகத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்வதுதான் அனுபவசாலிகளின் வழக்கம். பதினைந்து அடி தள்ளி அளந்த எண் குழல்வாய் வேகத்தைவிட எட்டு, ஒன்பது அடி குறைவாகவே இருக்கும் என்பதையும் அப்படியே சேர்த்துக்கொள்ளலாம்.

காற்றுத்துப்பாக்கிக்காரர்களுக்கும் இந்தக் கருவி பயன்படும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உரிமம் இல்லாத காற்று ரைஃபிளுக்கு வரம்பு 12 அடி-பவுண்டு, சுமார் 16 ஜூல். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் வைத்திருக்கும் கோடு 20 ஜூல். ரவையின் எடையும் வேகமும் தெரிந்தால் ஆற்றலைப் போட்டுப் பார்த்துவிடலாம். ஓசை குறைவு, வேகம் குறைவு, மருந்துப் புகை கிடையாது. மலிவான ஒளிக்கருவிக்கு இதைவிடச் சாதகமான வேலை இல்லை.

பழைய கருவி வாங்குவதும் யோசிக்கத்தக்கது. கையகல ரேடார் வந்தபின் பலர் தங்கள் ஒளிப்பெட்டிகளையும் ஆரஞ்சுப் பெட்டிகளையும் விற்கிறார்கள். பார்க்க வேண்டியது, உணரித் தண்டுகள் வளையாமல் இருக்கின்றனவா, தடுப்புகள் முழுதாக இருக்கின்றனவா, பெட்டியில் ஈயம் தெறித்த வடு உண்டா என்பவை. வாங்கிய அன்றே .22 போட்டித் தோட்டாவில் ஒரு பெட்டியை அதன்மேல் சுட்டுப் பார்க்கலாம். ஆலைத் தோட்டாக்களில் சீரான வேகத்துக்குப் பேர்போனது அது. இருபது சுடில் ஓரிரண்டு எண் மட்டும் கூட்டத்தைவிட்டு வெகுதூரம் தள்ளி நின்றால் தோட்டாவைக் குறை சொல்லாமல், முக்காலியையும் வெயில் வரும் திசையையும் மாற்றி இன்னொரு இருபது சுட வேண்டும். அதன் பிறகும் எண்கள் துள்ளினால் கருவியை விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.