பூட்டுக்கு ஏற்ற சாவி! பல்லுக்கு ஏற்ற செயின்!

பூட்டுக்குப் பெயர் பெற்ற ஊர், திண்டுக்கல்.

ஒரு பூட்டின் சாவி இன்னொரு பூட்டுக்குள் நுழைந்துவிடலாம். ஆனால், திறக்காது. ஒரு பல் மாறியிருந்தாலும் சாவி நின்றுவிடும். திண்டுக்கல்லில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

மோட்டார் சைக்கிள் செயினும் இப்படித்தான்!

ஆனால், ஒரு வித்தியாசம் உண்டு. சாவி பொருந்தாவிட்டால் கதவு திறக்காது. அதோடு சரி. செயின் சரியாகப் பொருந்தாவிட்டாலும், வண்டி ஓடத் தொடங்கிவிடும். ஆபத்து பாதி வழியில்தான் வரும்.

ஓடும் வண்டியில் செயின் நழுவி, சக்கரத்தின் இடுக்கில் சிக்கினால் என்ன ஆகும்? பின் சக்கரம் அப்படியே நின்றுவிடும். வண்டி சறுக்கும். பின்னால் மனைவியும் குழந்தையும் உட்கார்ந்திருந்தால்? நினைத்தாலே நெஞ்சு பதறும்.

ஆகவே, வண்டியின் பின்பகுதியை மாற்ற நினைப்பவர்கள் முதலில் செயின் விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எதற்காக மாற்றுகிறார்கள்?

மோட்டார் சைக்கிளின் பின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் இரும்புக் கைக்கு "ஸ்விங் ஆர்ம்" என்று பெயர். "ஆடும் கை" என்று சொல்லலாம்.

அதன் ஒரு முனை, இன்ஜினுக்குப் பின்னால் வண்டிச் சட்டத்தில் மாட்டப்பட்டிருக்கும். மறு முனையில் சக்கரம் இருக்கும். சக்கரம் பள்ளம் மேட்டில் ஏறி இறங்கும்போது, கீலில் கதவு ஆடுவதுபோல இந்தக் கை மேலும் கீழும் ஆடும்.

திண்டுக்கல் சமவெளியில் மோட்டார் சைக்கிள் வெறும் சவாரிக்கு மட்டும் அல்ல. பால் கேன் சுமக்கும். நிலக்கோட்டையில் பூ மூட்டை சுமக்கும். ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி சுமக்கும்.

சுமை ஏற்றினாலும் வண்டி ஆடாமல் போக வேண்டும் என்று நீளமான கையைத் தேடுகிறவர்கள் உண்டு. அகலமான டயர், டிஸ்க் பிரேக் ஆசையில் பெரிய வண்டியின் கையைச் சக்கரத்தோடு வாங்கி, சின்ன வண்டியில் மாட்டுகிற வாலிபர்களும் உண்டு.

முதலில் சட்டம்

பட்டறைக்குப் போகும் முன்பு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியை மாற்றி அமைப்பது பற்றியது. தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களில் இருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்பது இதன் சாரம். 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது.

இரண்டு சக்கரங்களுக்கும் இடையே உள்ள தூரமும் பதிவுச் சான்றில் குறிக்கப்படுகிறது. கை நீண்டால் அந்தத் தூரமும் நீளும். ஆகவே, அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகே வேலையைத் தொடங்குவது நல்லது. கேட்காமல் மாற்றினால், விபத்து நேரும்போது காப்பீட்டுப் பணத்துக்கும் வில்லங்கம் வரலாம்.

ஆடும் கை வந்த கதை

ஒரு காலத்தில் பல மோட்டார் சைக்கிள்களின் பின் சக்கரம் ஆடவே ஆடாது. சட்டத்தோடு இறுக்கப்பட்டிருக்கும். ரோட்டில் உள்ள குழி எல்லாம் ஓட்டுபவரின் முதுகில்தான் தெரியும்! இருக்கையின் கீழே உள்ள ஸ்பிரிங் மட்டுமே துணை.

1948-ம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த கோல்மோர் போட்டிக்கு, ராயல் என்பீல்டு நிறுவனம் புதிய புல்லட் வண்டியைக் கொண்டு வந்தது. அதில் ஆடும் கை இருந்தது. அடுத்த ஆண்டு அந்தப் புல்லட் விற்பனைக்கு வந்தது.

1955-ல் அந்த நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் கூட்டுச் சேர்ந்தன. சென்னை அருகே திருவொற்றியூரில் புல்லட் தயாராகத் தொடங்கியது.

செயினின் கதை இன்னும் பழையது. சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்பே, இத்தாலிய ஓவியர் லியனார்டோ டாவின்சி சங்கிலியின் படங்களை வரைந்து வைத்தார். இன்று நாம் பார்க்கும் உருளைச் செயினுக்கு 1880-ம் ஆண்டில் இங்கிலாந்தில் உரிமை பெற்றவர் ஹான்ஸ் ரெனால்டு. பிறப்பால் இவர் சுவிட்சர்லாந்துக்காரர்.

தமிழ்நாட்டிலும் செயின் தயாராகிறது. கோவையில் 1937-ல் தொடங்கிய எல்.ஜி.பாலகிருஷ்ணன் நிறுவனத்தின் "ரோலான்" செயின், மெக்கானிக்குகளுக்கு நன்கு பழக்கமான பெயர்.

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள். செயினுக்கு ஐந்து பொருத்தம் பார்த்தால் போதும்.

முதல் பொருத்தம்: எண்

செயினின் பக்கத் தகட்டில் 428, 520 என்று எண் அடித்திருக்கும். இது என்ன கணக்கு?

முதல் எண், ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் உள்ள தூரத்தைச் சொல்கிறது. ஓர் அங்குலத்தை 8 பாகம் ஆக்கினால், அதில் எத்தனை பாகம் என்பதே அந்த எண். 4 என்றால் அரை அங்குலம். அதாவது 12.7 மில்லிமீட்டர். 5 என்றால் 15.875 மில்லிமீட்டர்.

கடைசி இரண்டு எண்களும் செயினின் உள் அகலத்தைச் சொல்கின்றன. 28 என்றால் சுமார் 8 மில்லிமீட்டர். 20 என்றால் சுமார் ஆறரை மில்லிமீட்டர்.

வேடிக்கையைப் பாருங்கள்! 520 பெரிய செயின்தான். ஆனால், அதன் உள் அகலம் 428-ஐ விடக் குறைவு!

திண்டுக்கல் வாலிபர் ஒருவரின் வண்டியில் 428 செயின் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் பெரிய வண்டியின் கையையும் சக்கரத்தையும் வாங்கி வருகிறார். அந்தச் சக்கரத்தில் உள்ள ஸ்ப்ராக்கெட் 520-க்கு ஆனது. முன்னால் ஒரு அளவு. பின்னால் ஒரு அளவு. எந்தச் செயினும் இரண்டிலும் உட்காராது.

என்ன செய்வது? இன்ஜின் பழையதுதான். அதன் பலமும் பழையதுதான். ஆகவே, அந்த இன்ஜினுக்குத் தயாரிப்பாளர் கொடுத்த 428 செயினே போதும். பின் ஸ்ப்ராக்கெட்டை மட்டும் 428 பல் உள்ளதாக மாற்ற வேண்டும். அதன் போல்ட் ஓட்டைகள் புதிய சக்கரத்துக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்ததைவிட மெலிந்த செயினை ஒருபோதும் போடக் கூடாது.

இரண்டாம் பொருத்தம்: நேர்கோடு

கொத்தனார் சுவர் எழுப்பும்போது நூல் பிடிக்கிறார். செயினுக்கும் நூல் பிடிக்க வேண்டும்!

முதலில் பின் சக்கரம், முன் சக்கரத்துக்கு நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு, பின் ஸ்ப்ராக்கெட்டின் முகத்தை ஒட்டி நூலையோ, நேரான கம்பியையோ வைத்து முன்னே நீட்ட வேண்டும். முன் ஸ்ப்ராக்கெட்டும் அதே கோட்டில் இருக்க வேண்டும்.

டயர் அகலமானால், செயின் டயரில் உரசும். அப்போது பின் ஸ்ப்ராக்கெட்டை வெளியே தள்ளுவார்கள். எத்தனை மில்லிமீட்டர் பின்னால் தள்ளினார்களோ, அத்தனை மில்லிமீட்டர் முன்னாலும் தள்ள வேண்டும். இதற்கென்றே ஒரு பக்கம் தள்ளிச் செய்த ஸ்ப்ராக்கெட் கிடைக்கும்.

வாஷர் வைத்து ஒப்பேற்றக் கூடாது. கியர் பாக்ஸ் தண்டின் பிடிப்பு குறைந்துவிடும். வெல்டிங் வைத்து ஒட்டுவது அதைவிட ஆபத்து.

கோடு தவறினால் பல்லின் ஒரு பக்கம் மட்டும் தேயும். பிறகு, செயின் நழுவும்.

மூன்றாம் பொருத்தம்: பல்

முன்னால் 14 பல். பின்னால் 42 பல். முன் ஸ்ப்ராக்கெட் மூன்று முறை சுற்றினால், பின் சக்கரம் ஒரு முறை சுற்றும்.

பின்னால் பல்லைக் கூட்டினால் இழுவை கூடும், வேகம் குறையும். பல்லைக் குறைத்தால் வேகம் கூடும், இழுவை குறையும். முன் ஸ்ப்ராக்கெட்டில் இது தலைகீழ். முன்னால் ஒரு பல்லைக் குறைப்பது, பின்னால் சுமார் மூன்று பல்லைக் கூட்டுவதற்குச் சமம்.

சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே வாழைத்தார் ஏற்றி ஏறி இறங்குகிறவருக்கு இழுவை வேண்டும். மதுரை நான்கு வழிச் சாலையில் தினமும் போய் வருகிறவருக்கு, இன்ஜின் அலறாமல் ஓட வேண்டும். இருவருக்கும் ஒரே பல் ஆகாது.

சக்கரமும் மாறினால் இன்னொரு கணக்கு உண்டு. டயரில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒரு சுற்று உருட்டி அளக்க வேண்டும். பழைய சக்கரம் 2 மீட்டர் ஓடியது; புதிய சக்கரம் 2 மீட்டர் 10 சென்டிமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஐந்து கூடிவிட்டது. பழைய இழுவை வேண்டும் என்றால் 42 பல்லுக்குப் பதில் 44 பல் போட வேண்டும்.

முன் ஸ்ப்ராக்கெட்டை மிகவும் சின்னதாக்கக் கூடாது. செயின் கூடுதலாக மடங்கும். சீக்கிரம் தேயும். ஆடும் கையிலும் உரசும்.

நான்காம் பொருத்தம்: நீளம்

கை 2 அங்குலம் நீண்டால், செயின் எவ்வளவு நீள வேண்டும்?

"2 அங்குலம்" என்று சொன்னால் தவறு! செயின் மேலே ஒரு முறை ஓடுகிறது. கீழே ஒரு முறை ஓடுகிறது. ஆகவே, 4 அங்குலம் வேண்டும். 428 செயினில் ஒரு கண்ணி அரை அங்குலம். ஆக, 8 கண்ணி கூடுதலாக வேண்டும்.

கண்ணிகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். பழைய துண்டையும் புதுத் துண்டையும் ஒட்டுப்போடாமல், முழு நீளத்தில் ஒரே செயினாக வாங்க வேண்டும். அளவு எடுக்கும்போது சக்கரத்தை முன்னால் தள்ளி வைக்க வேண்டும். செயின் தேயத் தேய, பின்னால் இழுக்க இடம் வேண்டும் அல்லவா?

செயினுக்கும் ஒரு பூட்டு உண்டு. "செயின் லாக்" என்பார்கள். கிளிப் வைத்த பூட்டாக இருந்தால், கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால், எதிலாவது தட்டும்போது கிளிப் கழன்றுவிடலாம். பூட்டு ஊர்க்காரர்கள் மறக்கக் கூடாத விஷயம் இது!

ஐந்தாம் பொருத்தம்: தொய்வு

செயின் இறுக்கமாக இருந்தால் நல்லது என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு.

முன் ஸ்ப்ராக்கெட்டின் நடுப்புள்ளி, ஆடும் கையின் கீல், பின் சக்கரத்தின் அச்சு, இந்த மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிகவும் இறுகும். ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் கை கீழே தொங்கும். அப்போது செயின் தளர்வாகத் தெரியும். அங்கே இழுத்து இறுக்கிவிட்டால், இரண்டு பேர் ஏறி உட்கார்ந்ததும் செயின் கம்பிபோல விறைக்கும். பேரிங் கெடும். செயின் அறுந்தும் போகலாம்.

கை மாறிவிட்டதால், வண்டிப் புத்தகத்தில் உள்ள பழைய தொய்வு அளவை அப்படியே நம்ப முடியாது. பின்புற ஷாக் அப்சார்பரைக் கழற்றி, கையை மெல்ல உயர்த்தி, செயின் அதிகம் இறுகும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த இடத்திலும் செயின் விரலுக்குக் கொஞ்சம் அசைய வேண்டும். பிறகு எல்லாவற்றையும் மாட்டி, ஸ்டாண்டில் நிறுத்தி, தொய்வை அளந்து எழுதி வைக்க வேண்டும். இனி அதுதான் அந்த வண்டியின் அளவு.

சேலை பத்திரம்!

வேலை முடிந்ததும், கழற்றிய செயின் கவரைப் பரண்மேல் போட்டுவிடக் கூடாது.

பின்னால் உட்காருபவரின் உடை சிக்காமல் இருக்க, பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு வேண்டும் என்பது 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதி. சின்னாளபட்டிச் சேலையின் முந்தானைக்கும், குழந்தையின் குதிகாலுக்கும் அந்தத் தடுப்புதான் காவல். புதிய கையில் அதை மாட்ட இடம் இல்லை என்றால், அந்தக் கை குடும்ப வண்டிக்கு ஆகாது.

மூன்றும் ஒன்றாக

தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால், புதுச் செயினும் சீக்கிரம் கெடும். முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட், செயின் ஆகிய மூன்றையும் ஒன்றாக மாற்றுவதே உண்மையான சிக்கனம்.

தேய்மானத்தை வீட்டிலேயே பார்க்கலாம். 428 செயினில் 20 கண்ணிகளின் நீளம் சரியாக 254 மில்லிமீட்டர். செயினை நேராக இழுத்துப் பிடித்து ஸ்கேலால் அளக்க வேண்டும். அது 259 மில்லிமீட்டரைத் தொட்டுவிட்டால், செயின் ஆயுள் முடிந்தது என்று பொதுவாகக் கொள்ளலாம். அளக்கும்போதும், துடைக்கும்போதும் இன்ஜின் ஓடக் கூடாது. செயினுக்கும் பல்லுக்கும் நடுவே சிக்கிய விரல் திரும்பி வராது.

புதிய கை மாட்டியதும் முதல் ஓட்டம் தனியாக இருக்கட்டும். பக்கத்துத் தெரு வரை மெதுவாகப் போய் வந்து, நூலும் தொய்வும் செயின் லாக்கும் மறுபடி பார்க்க வேண்டும்.

ஐந்து பொருத்தமும் சரியாக இருந்தால், அதன் பிறகு வீட்டாரை ஏற்றிக்கொள்ளலாம்.