பெரியவர் சட்டையில் மட்டும் இருக்கும் பெயர்

சூதாட்ட நிறுவனத்தை ஸ்பான்சராக வைத்திருக்கும் இங்கிலாந்துக் கால்பந்துக் கிளப் ஒன்றின் கடைக்குப் போனால், ஒரே சட்டை இரண்டு விதமாகத் தொங்கும். நிறமும் கிளப் சின்னமும் கழுத்துப் பட்டையும் இரண்டிலும் ஒன்றுதான். பெரியவர்களுக்கான சட்டையின் மார்பில் பந்தய நிறுவனத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். சிறுவர் சட்டையில் அந்தப் பெயர் இருக்காது. சிறுவர் அளவுச் சட்டைகளில் சூதாட்டச் சின்னம் கூடாது என்பது அங்குள்ள விதி.

அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வரும் பையன் டிவியைப் பார்க்கிறான். அவன் உயிராய் நேசிக்கும் ஆட்டக்காரர் கோல் அடித்துவிட்டு, மார்பைத் தட்டியபடி கேமராவை நோக்கி ஓடி வருகிறார். சட்டையில் எதை மறைத்தார்களோ அது திரை முழுக்கத் தெரிகிறது.

அந்தப் பெயரில் பையனுக்குக் காட்டக் கூடாதது ஏதோ இருப்பதாக விதி எழுதியவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அது என்ன? விடை தேடிப் போனால் பாதி கணக்கிலும் பாதி மூளைக்குள்ளும் கிடைக்கிறது. இரண்டையும் பார்த்துவிட்டால், பந்தயப் பணம் கால்பந்துக்குள் இருக்கலாமா என்ற நியாயக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லலாம்.

யாரும் கணிக்க முடியாத ஆட்டம்

கூடைப்பந்தில் ஒரே ஆட்டத்தில் எத்தனையோ முறை பந்து வளையத்துக்குள் விழுகிறது. அத்தனை வாய்ப்பு இருப்பதால் திறமையான அணி கடைசியில் மேலே வந்துவிடும். கால்பந்தில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக இரண்டு மூன்று கோல்தான் விழும். பின்கள வீரரின் காலில் பட்டுத் திசை மாறிய ஒரு பந்து, வழுக்கிய ஒரு கால், நடுவரின் ஒரு விசில் போதும். தொண்ணூறு நிமிட உழைப்பு தலைகீழாகிவிடும். எண்ணிக்கை குறையக் குறையத் தற்செயலின் பங்கு கூடும் என்பது புள்ளியியலின் அடிப்படை.

இந்த ஆட்டம் உலகத்தையே கட்டிப்போட்டதற்கு அதுவே காரணம். 2015-16 சீசன் தொடங்கும்போது லெஸ்டர் சிட்டி அணி இங்கிலாந்தின் முதல்நிலைத் தொடரான பிரீமியர் லீக்கை வெல்லும் என்று பந்தயம் கட்டினால் ஒன்றுக்கு ஐயாயிரம் தருவதாகச் சில நிறுவனங்கள் சொல்லியிருந்தன. லெஸ்டர் கோப்பையைத் தூக்கியது. நாளை என்ன நடக்கும் என்று தெரியாத அந்தத் தவிப்பை ரசிகர்கள் நூறு ஆண்டுக்கும் மேலாகத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வைத்திருக்கிறார்கள். பந்தய நிறுவனம் விற்பது அந்தத் தவிப்பைத்தான்.

சீட்டுக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு

உதாரணத்துக்கு ஒரு பந்தயச் சீட்டை எடுத்துக்கொள்வோம். ஓர் ஆட்டத்துக்கு நிறுவனம் மூன்று விலை வைக்கிறது. சொந்த மைதான அணி வென்றால் ஒரு ரூபாய்க்கு 2.00, சமநிலை என்றால் 3.40, எதிரணி வென்றால் 3.60. ஒன்றை இந்த எண்களால் வகுத்தால், அந்த முடிவுக்கு எத்தனை வாய்ப்பு என்று வைத்து விலை போட்டிருக்கிறார்கள் என்பது தெரியும். முதலாவது 50 சதவீதம், அடுத்தது 29.4, மூன்றாவது 27.8. கூட்டினால் 107.2.

நடக்கக்கூடிய எல்லாவற்றையும் சேர்த்தால் நூறுதான் வர வேண்டும். மிச்சமுள்ள 7.2 நிறுவனத்தின் லாபம். எந்த அணி வென்றாலும் 100 ரூபாய் கையில் வரும்படி மூன்று முடிவின் மீதும் பணத்தைப் பிரித்துக் கட்ட வேண்டுமானால் 107 ரூபாய்க்கு மேல் செலவாகும். ஆட்டம் தொடங்கும் முன்பே தராசு சாய்ந்துதான் இருக்கிறது.

நிறுவனங்கள் அதிகம் விளம்பரப்படுத்தும் பந்தயங்களில் ஒன்று கூட்டுப் பந்தயம். ஐந்து ஆட்டங்களின் முடிவை ஒரே சீட்டில் சொல்ல வேண்டும். ஐந்தும் சரியானால் பெரிய தொகை, ஒன்று தவறினாலும் ஒன்றும் இல்லை. ஒவ்வோர் ஆட்டத்திலும் நிறுவனம் எடுக்கும் பங்கு இங்கே ஒன்றோடொன்று பெருகுகிறது. மேலே சொன்ன விலைகளின்படி ஓர் ஆட்டத்துக்கு நூறில் சராசரியாக 93 ரூபாய் திரும்பும். அதே அளவு பங்கோடு ஐந்து ஆட்டங்களைக் கோத்தால் திரும்புவது சுமார் 71 ரூபாய்தான்.

இதைவிட வியப்பான கணக்கு ஒன்று உண்டு. ஒவ்வோர் ஆட்டத்திலும் நம் கணிப்பு பலிக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஐந்தும் பலிக்க 32இல் 1 வாய்ப்பு. நான்கு பலித்து ஒன்று மட்டும் தவற 32இல் 5 வாய்ப்பு. அதாவது, ஒருமுறை வெல்வதற்குள் ஐந்து முறை கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகும். இதில் யாருடைய துரதிர்ஷ்டமும் இல்லை. சீட்டின் அமைப்பே அப்படி.

மூளை எதற்கு மயங்குகிறது?

அந்த நூலிழைத் தோல்வி ஏன் முக்கியம் என்பதை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் லூக் கிளார்க் குழுவினர் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். மூளையைப் படமெடுக்கும் கருவிக்குள் ஆட்களைப் படுக்க வைத்து, சக்கரங்கள் சுழலும் சூதாட்ட இயந்திரத்தைப் போன்ற விளையாட்டை ஆடச் சொன்னார்கள். சக்கரம் வெற்றிக்கு ஒரு கட்டம் முன்னால் நின்றபோது அவர்களுக்கு எரிச்சல் வந்தது. ஆனால், இன்னொரு முறை ஆட வேண்டும் என்ற ஆசை கூடியது. உண்மையான வெற்றியின்போது விழிக்கும் மூளைப் பகுதிகளில் சில இந்தத் தோல்வியிலும் விழித்தன. ‘தோற்றுவிட்டேன்’ என்று வாய் சொல்லும்போதே, ‘கிட்டத்தட்ட ஜெயித்துவிட்டோம்’ என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது.

இதற்கு அடியில் இருப்பது டோபமின் என்ற வேதிப்பொருள். இதை இன்பத்தின் ரசாயனம் என்று பலர் சொல்கிறார்கள். நரம்பியல் ஆய்வாளர் உல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டிய படம் வேறு. ஒரு சமிக்ஞையைக் காட்டிப் பிறகு பழச்சாறு கொடுத்துப் பழக்கினால், டோபமின் செல்கள் சாற்றுக்குத் துடிப்பதை விட்டுவிட்டுச் சமிக்ஞைக்கே துடிக்கத் தொடங்கின. 2003இல் வெளியான ஆய்வில் சாறு வருவது உறுதியில்லாதபடி செய்தார்கள். சமிக்ஞைக்கும் சாற்றுக்கும் இடையே காத்திருக்கும் நேரத்தில் அந்தச் செல்களின் துடிப்பு மெல்ல ஏறிக்கொண்டே போனது. வரும், வராது என்ற இரண்டுக்கும் சரிபாதி வாய்ப்பு இருந்தபோது அந்த ஏற்றம் உச்சம் தொட்டது. கால்பந்து ரசிகன் தொண்ணூறு நிமிடமும் இருக்கும் நிலைக்கு இதைவிடப் பொருத்தமான விவரணை கிடைக்காது.

பார்க்கின்சன் நோயாளிகளிடம் இன்னொரு தடயம் கிடைத்தது. டோபமினைப் போல் வேலை செய்யும் சில மருந்துகளை எடுத்துக்கொண்டவர்களில் ஒரு பகுதியினர், வாழ்நாளில் சீட்டுக்கட்டைத் தொடாதவர்கள்கூட, கட்டுக்கடங்காமல் சூதாடத் தொடங்கினார்கள். மருந்தைக் குறைத்தபோதோ நிறுத்தியபோதோ பலருக்கு அந்த வெறி தணிந்தது. ஒழுக்கக் குறைவு, பேராசை என்று ஊர் சொல்லும் ஒன்றுக்கு உடம்பில் ஒரு வேர் இருக்கிறது. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய்ப் பட்டியலைத் திருத்தியபோது, சூதாட்ட நோயை மது, போதைப்பொருள் அடிமைத்தனங்களின் அதே பிரிவில் சேர்த்தது.

கால்பந்து ரசிகனுக்கு இன்னொரு பொறியும் உண்டு. தன் அணியைப் பத்து வயதிலிருந்து பார்க்கிறான். யாருக்கு முழங்கால் வலி, எந்த மைதானத்தில் யார் தடுமாறுவார் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. உளவியலாளர் எல்லன் லாங்கர் 1975இல் வெளியிட்ட ஆய்வில், தாங்களே தேர்ந்தெடுத்த லாட்டரிச் சீட்டை விட்டுக்கொடுக்க மக்கள் கேட்ட விலை, பிறர் எடுத்துக் கொடுத்த சீட்டுக்குக் கேட்டதைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. தேர்ந்தெடுத்தது என் கை என்பதாலேயே வெல்வேன் என்று தோன்றிவிடுகிறது. வெறும் சீட்டுக்கே இப்படியென்றால், இருபது ஆண்டு ஆட்ட ஞானம் எத்தனை நம்பிக்கையைத் தரும்! அவன் ஞானம் உண்மைதான். ஆனால், அது ஏற்கெனவே விலைக்குள் கணக்காகிவிட்டது என்பது அவனுக்குத் தெரிவதில்லை.

முன்பு பந்தயம் கட்டினால் மாலைவரை காத்திருக்க வேண்டும். இப்போது கையில் போன் இருக்கிறது. அடுத்த கோல் யார், அடுத்த மஞ்சள் அட்டை யாருக்கு என்று ஆட்டம் நடக்கும்போதே கட்டலாம். தோல்விக்கும் அடுத்த பந்தயத்துக்கும் நடுவே மனம் ஆற இடமில்லை. விட்டதைப் பிடிக்கும் வெறி அந்த இடைவெளியின்மையில்தான் வளர்கிறது.

சட்டை என்ன செய்கிறது?

ஒரு பெயரைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலே அதன் மீது இனம் புரியாத ஒரு பிரியம் வந்துவிடும் என்று உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968இல் காட்டினார். அந்தப் பெயர் நாம் நேசிக்கும் அணியின் இதயத்துக்கு மேல் இருந்தால், அணி மீதுள்ள நம்பிக்கை பெயரின் மீதும் படியும்.

பிரீமியர் லீக்கில் 2002இல் ஃபுல்ஹாம் அணியின் மார்பில் பெட்ஃபேர் என்ற பந்தய நிறுவனத்தின் பெயர் ஏறியது. பிரிட்டனின் 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் 2007இல் நடைமுறைக்கு வந்து விளம்பரக் கதவைத் திறந்தது. 2024-25 சீசனில் 20 அணிகளில் 11 அணிகளின் மார்பில் பந்தய நிறுவனங்கள். பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023 சீசனின் முதல் வார இறுதியில் டிவி, வானொலி, சமூக ஊடகம் ஆகியவற்றில் எண்ணிய சூதாட்டச் செய்திகள் சுமார் 11,000. அடுத்த ஆண்டு அதே கணக்கு 29,000ஐத் தாண்டியது.

மார்பிலிருக்கும் பெயர்களில் பலவற்றை இங்கிலாந்துக்காரர்களே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அவை ஆசிய ரசிகர்களைக் குறிவைத்தவை. சூதாட்டத்துக்குத் தடை உள்ள சீனாவும் அதில் அடக்கம். நம் வீடுகளுக்கும் சனி, ஞாயிறு இரவுகளில் அந்தச் சட்டைகள்தான் வருகின்றன. தமிழ்நாடு 2022இல் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் இயற்றியது. ஒன்றிய அரசு 2025இல் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தது. ஒளிபரப்பில் வரும் சட்டைக்கு இந்த எல்லைகள் தெரியாது.

யாருடைய பணம்?

சிறிய கிளப்புகளுக்கு இந்தப் பணம் இல்லாவிட்டால் கஷ்டம் என்கிறார்கள். அந்தக் கவலை பொய்யில்லை. ஆனால், அந்தப் பணம் யார் பையிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பிரிட்டன் பிரபுக்கள் சபையின் குழு 2020இல் தந்த அறிக்கையின்படி, சூதாட்டத் துறையின் லாபத்தில் 60 சதவீதம், ஏற்கெனவே அடிமையானவர்களும் அடிமையாகும் விளிம்பில் நிற்பவர்களுமான 5 சதவீத வாடிக்கையாளர்களிடமிருந்து வருகிறது. தொடர்ந்து வெல்பவர் கட்டக்கூடிய தொகையை நிறுவனங்கள் குறைத்துவிடுவதும் வழக்கம். வெல்பவருக்குக் கதவு சாத்தப்படுகிறது, தோற்பவருக்குத் திறந்தே இருக்கிறது.

ஆட்டக்காரர்களும் தப்பவில்லை. பிரென்ட்ஃபோர்ட் அணியின் ஐவன் டோனி பந்தய விதிகளை மீறிய 232 குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டார். 2023 மே மாதம் எட்டு மாதத் தடை விதிக்கப்பட்டது. அவருக்குச் சூதாட்ட அடிமை நோய் இருப்பதாக மனநல மருத்துவர் சொன்னதைத் தீர்ப்புக் குழு ஏற்று, தண்டனையைக் குறைத்தது. ஆட்டக்காரர்கள் பந்தயம் கட்டக் கூடாது என்ற விதி அவசியமானது. ஆட்டத்தின் நேர்மை அதில் இருக்கிறது. ஆனால், அவர் தண்டனை பெற்றபோது அணிந்திருந்த அணிச் சட்டையின் மார்பிலும் ஒரு பந்தய நிறுவனத்தின் பெயர்தான் இருந்தது. நோயாளியைத் தண்டித்துவிட்டு, நோயை அவர் மார்பிலேயே எழுதி மைதானத்துக்கு அனுப்புவது எந்த நியாயத்திலும் சேராது.

மாற்று வழி இருக்கிறது. இத்தாலி 2018இல் சூதாட்ட விளம்பரத்தைச் சட்டத்தால் தடுத்தது. ஸ்பெயினில் 2021-22 சீசனிலிருந்து சட்டைகளில் அந்தப் பெயர்கள் இல்லை; அங்கே கால்பந்து அழிந்துவிடவில்லை. இத்தாலியில் பந்தய நிறுவனங்கள் ‘விளையாட்டுச் செய்தித் தளம்’ என்ற பெயரில் திரும்பி வந்தன. மதுபானப் பெயரில் சோடா விளம்பரம் பார்த்துப் பழகிய நமக்கு அந்த வித்தை புதிதல்ல. பிரீமியர் லீக் கிளப்புகள் 2025-26 சீசன் முடிவோடு மார்பிலிருந்து எடுத்துவிடுவதாக 2023இல் தாங்களாகவே ஒப்புக்கொண்டன. சட்டைக் கைக்கும், மைதான ஓரத்து மின்பலகைகளுக்கும் அந்த ஒப்பந்தம் பொருந்தாது. பாதி வழியில் நின்றுவிட்டார்கள். மீதி வழியையும் நடக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

மறுபடியும் அந்தக் கடைக்குப் போவோம். பதினான்கு வயதில் திடீரென்று உயர்ந்துவிட்ட பையன் ஒருவனுக்குச் சிறுவர் அளவு இனிப் பத்தாது. அம்மா பெரியவர் பகுதியிலிருந்து ஒரு சட்டையை எடுத்து அவன் தோளில் வைத்துப் பார்க்கிறார். ஆசைக்குக் கடிவாளம் போடும் மூளைப் பகுதி முழுமையாக முதிர இருபது வயதைத் தாண்ட வேண்டும். அவனைக் காத்த விதியோ தையல் அளவோடு முடிந்துபோனது. சிறுவர் சட்டையில் இல்லாத அந்தப் பெயர் பெரியவர் சட்டையிலும் இல்லாமல் இருந்தால், அந்த அம்மா எந்த அளவையும் கவலையில்லாமல் எடுக்கலாம்.