பேக்கேப் (நரம்புப் பெப்டைடு)

பேக்கேப் என்பது முதுகெலும்பிகளின் மூளையிலும் பிற உறுப்புகளிலும் சுரக்கும் ஒரு நரம்புப் பெப்டைடு ஆகும். நரம்பணுக்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் சிறு அமினோ அமிலச் சங்கிலிகளே நரம்புப் பெப்டைடுகள் எனப்படுகின்றன. பேக்கேப் நரம்பணுக்களை மட்டுமன்றி, அவற்றைப் பேணும் விண்மீன் உயிரணுக்களையும் ஆக்சிசனேற்ற அழுத்தத்திலிருந்து காக்க வல்லது என ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன.

கண்டுபிடிப்பும் அமைப்பும்

1989 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தூலேன் பல்கலைக்கழகத்தில் அகிரா அரிமுரா தலைமையிலான குழுவினர், செம்மறி ஆட்டின் ஐப்போதலாமசிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். பிட்யூட்டரி உயிரணுக்களில் அடினைலேட் சைக்ளேசு என்னும் நொதியைத் தூண்டியதால், "பிட்யூட்டரி அடினைலேட் சைக்ளேசு தூண்டும் பாலிபெப்டைடு" எனப் பெயரிடப்பட்டது. பேக்கேப் என்பது இதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துச் சுருக்கமாகும். இதில் 38 அமினோ அமிலங்கள் உள்ளன. 27 அமினோ அமிலங்கள் கொண்ட குறு வடிவமும் உண்டு. ஆட்டிலும் எலியிலும் மனிதரிலும் 38 அமினோ அமிலங்களின் வரிசை ஒன்றே. படிவளர்ச்சியில் இவ்வாறு மாறாது நிலைத்திருப்பது, இது இன்றியமையாத பணியைச் செய்கிறது என்பதைக் காட்டுகிறது.

விண்மீன் உயிரணுக்கள்

மூளையின் தாங்கு உயிரணுக்களில் விண்மீன் போன்ற வடிவம் கொண்டவை விண்மீன் உயிரணுக்கள் ஆகும். இவை நரம்பணுக்களுக்கு ஊட்டப் பொருட்களை அளிக்கின்றன. நரம்பணுக்களுக்கு இடையே மிகையாகத் தேங்கும் குளூட்டமேட்டை அகற்றுகின்றன. குளூட்டாதயோன் என்னும் ஆக்சிசனேற்ற எதிர்ப்பொருளை நரம்பணுக்கள் உருவாக்கத் தேவையான மூலப்பொருட்களையும் வழங்குகின்றன. எனவே இவை அழிந்தால், இவற்றைச் சார்ந்துள்ள நரம்பணுக்களும் பாதுகாப்பை இழக்கின்றன.

ஆக்சிசனேற்ற அழுத்தம்

மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே எனினும், ஓய்வு நிலையில் உடல் பயன்படுத்தும் ஆக்சிசனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. இழைமணிகளில் ஆற்றல் உருவாகும்போது சிறிதளவு ஆக்சிசன் சூப்பராக்சைடாக மாறுகிறது. இதனை சூப்பராக்சைடு டிசுமூட்டேசு என்னும் நொதி ஐதரசன் பெராக்சைடாக மாற்றுகிறது. பின்னர் கேட்டலேசு, குளூட்டாதயோன் பெராக்சிடேசு ஆகிய நொதிகள் அதனைச் சிதைத்து நீராக்குகின்றன. சிதைக்கப்படாது எஞ்சும் ஐதரசன் பெராக்சைடு, இரும்பு அயனிகளுடன் வினைபுரிந்து மிகக் கொடிய ஐதராக்சில் உறுப்பை உண்டாக்கும். இது கொழுப்பு, புரதம், டி.என்.ஏ ஆகியவற்றைத் தாக்குகிறது. இத்தகைய பொருட்களின் உற்பத்தி பாதுகாப்புத் திறனை விஞ்சும் நிலையே ஆக்சிசனேற்ற அழுத்தம் எனப்படும்.

பாதுகாக்கும் முறை

2011 இல் வெளியான ஓர் ஆய்வில், வளர்ப்பு ஊடகத்தில் வளர்க்கப்பட்ட எலியின் விண்மீன் உயிரணுக்கள் ஐதரசன் பெராக்சைடுக்கு உட்படுத்தப்பட்டன. உயிரணுச் சவ்வு சிதைந்தால் உள்ளிருக்கும் லாக்டேட் டிஐதரசனேசு நொதி வெளியே கசியும்; அந்தக் கசிவை அளந்து உயிரணு இறப்பு மதிப்பிடப்பட்டது. மிகக் குறைந்த செறிவில் பேக்கேப் சேர்க்கப்பட்டபோதும் இக்கசிவு தடுக்கப்பட்டது. குறைந்த அளவே போதுமானதாக இருப்பதற்குக் காரணம், பேக்கேப் தானே நச்சுப் பொருளைச் சிதைப்பதில்லை என்பதாகும். அது ஒரு கட்டளையை மட்டுமே வழங்குகிறது. உயிரணு அதனைப் படிப்படியாகப் பெருக்கிக்கொள்கிறது. அப்படிகள் வருமாறு:

1. பேக்கேப் உயிரணுச் சவ்விலுள்ள பிஏசி1 ஏற்பியுடன் பிணைகிறது.
2. அடினைலேட் சைக்ளேசு தூண்டப்பட்டு, சுழல் ஏ.எம்.பி என்னும் தூது மூலக்கூறு பெருகுகிறது.
3. புரத கைனேசு ஏ, புரத கைனேசு சி, மேப் கைனேசு ஆகிய நொதிகளின் வழியே செய்தி பரவுகிறது. இவற்றைத் தடுக்கும் வேதிப்பொருட்களை முன்னரே சேர்த்தபோது பாதுகாப்பு மறைந்தது. ஆகவே இவ்வழிகள் இன்றியமையாதவை என அறியப்பட்டது.
4. குளூட்டாதயோன் உற்பத்தி கூடுகிறது. இழைமணிகளின் செயற்பாடு குன்றாது காக்கப்படுகிறது. திட்டமிட்ட உயிரணு இறப்பை நிறைவேற்றும் காசுபேசு-3 நொதி தூண்டப்படாமல் தடுக்கப்படுகிறது.

மருத்துவ முதன்மையும் வரம்புகளும்

பக்கவாதம், பார்க்கின்சன் நோய், ஆல்சைமர் நோய் ஆகியவற்றில் ஆக்சிசனேற்ற அழுத்தம் பங்கு வகிப்பதால், பேக்கேப் ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்துள்ளது. எனினும் இதனை மருந்தாக்குவது எளிதன்று. குருதியிலுள்ள நொதிகள் இதனைச் சில நிமிடங்களிலேயே சிதைத்துவிடுகின்றன. மேலும் இது குருதிக் குழாய்களை விரிவடையச் செய்கிறது. குருதியில் செலுத்தப்படும்போது ஒற்றைத் தலைவலி உள்ளோரில் அவ்வலியைத் தூண்டுகிறது. 2024 இல் வெளியான ஒரு மருத்துவச் சோதனையில், பேக்கேப்பைத் தடுக்கும் எதிர்ப்பொருள் ஒற்றைத் தலைவலி நாட்களைக் குறைத்தது. ஓரிடத்தில் காக்கும் பொருள் வேறோரிடத்தில் வலி தருவதாக அமைவதால், தேவையான உயிரணுக்களை மட்டும் சென்றடையச் செய்வதே முதன்மையான சவாலாகும். வளர்ப்பு ஊடகத்தில் கிடைத்த முடிவுகள் மனித மூளைக்கு அப்படியே பொருந்தும் எனக் கொள்ள இயலாது என்பதும் கருதத்தக்கது.