புண் இல்லாத நெஞ்செரிச்சலும் அமிலம் அடக்கும் மாத்திரையும்

ஜெலுத்தோங் கடைகளில் இரவு வெகுநேரம் கழித்து நாசி கண்டார் உண்டு, தே தாரிக்கும் குடித்து, வீடு சேர்ந்ததும் படுக்கையில் சாய்கிறவர்கள், நடுநிசியில் நெஞ்சுக்குழியிலிருந்து தொண்டைவரை எரிச்சல் ஏறி விழித்து, அதற்குக் 'கேஸ்திரிக்' என்று தாமே பெயரிட்டு, மறுநாள் மருந்துக்கடையை நாடுவது சர்வசாதாரணம். அவர்களில் சிலர் எண்டோஸ்கோபி செய்துகொண்டு, உணவுக்குழலில் புண்ணேதும் இல்லை என்று கேட்டதும், மகிழ்வதற்குப் பதிலாகத் தம் உபாதையையே சந்தேகிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். சந்தேகிக்க வேண்டியதில்லை, இந்த நெஞ்செரிச்சல் வியாதி உடையோரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் குழல் பழுதின்றியே காணப்படும்.

இதற்குரிய ஔஷதங்களின் சரித்திரத்தில் நம் வட்டாரத்துக்கும் சிறு பங்குண்டு. 1976-இல் பிரிட்டனில் வெளிவந்த சிமெடிடின் என்னும் மருந்துக்கு மூலபுருஷரும், 1988-இல் நோபல் பரிசு பெற்றவருமான ஜேம்ஸ் பிளாக், இளமையில் சில ஆண்டுகள் சிங்கப்பூரில் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் சொன்னவர். அவர் பரிசு பெற்ற அதே ஆண்டில், சிமெடிடினினும் வலிய ஒமெப்ரசோல் சுவீடனிலிருந்து விற்பனைக்கு வந்தது.

ஒமெப்ரசோல் இரைப்பையில் உள்ள அமிலத்தை முறிப்பதில்லை. குடலில் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தின் வழியே அமிலம் சுரக்கும் உயிரணுக்களை அடைந்து, அங்குள்ள அமிலத்தாலேயே உருமாறி, அமிலத்தை வெளியே தள்ளும் 'புரோட்டான் பம்ப்' என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. சில மணி நேரத்தில் மருந்து இரத்தத்தைவிட்டு நீங்கினாலும், சாவி உள்ளேயே ஒடிந்த பூட்டைப்போல் அந்தப் பம்ப் செயலற்றுக் கிடக்க, உடல் புதியன படைக்கும்வரை பலன் நீடிக்கிறது. ஆனால் இயங்கும் பம்பையே அது பற்றும். பம்புகள் மிகுதியாக இயங்குவதோ உணவு வேளையில். ஆகையால் காலை உணவுக்கு அரைமணி முன்பு உட்கொள்வதே முறை. எரியும்போது மட்டும் ஒன்றை விழுங்கிவிட்டு 'மாத்திரை சரியில்லை' என்பது நியாயமன்று. முழுப்பலன் தெரியச் சில நாட்களாகும். 2014-இல் ஜப்பான் அனுமதித்த வோனோப்ரசான் என்னும் மற்றோர் அமிலம் அடக்கும் மருந்துக்கோ இந்த உணவு நேரக் கட்டுப்பாடு இல்லை.

இருப்பினும், புண் உள்ளவர்களைவிடப் புண் இல்லாதவர்களுக்கு இம்மாத்திரைகள் குறைவாகவே கேட்கின்றன. அவர்களில் சிலருடைய எரிச்சலுக்கு அமிலம் காரணமன்று, உணவுக்குழல் நரம்புகளின் மிகைக்கூர்மையே காரணம்; மூக்கின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி ஒருநாள் முழுதும் அமிலத்தை அளந்தால் உண்மை தெரியும். அதை அறியாமல் மாத்திரையை மேன்மேலும் கூட்டுவது வீண் செலவே. விழுங்கச் சிரமம், காரணமற்ற உடல் இளைப்பு, கறுத்த மலம் ஆகியவற்றில் ஒன்றேனும் தோன்றுமாயின், மருந்துக்கடையோடு நின்றுவிடாமல் டாக்டரிடம் செல்லுங்கள்.