சிறுநீர்ச் சோதனைக்குப் பிடிபடாத சிறுநீரகத் தொற்றுகள்

சிறுநீரகத்தைத் தாக்கும் பாக்டீரியாத் தொற்றுகளில் பெரும்பாலானவை, குடலில் இயல்பாக வாழும் ஈ.கோலை என்னும் பாக்டீரியாவால் வருபவை. அது சிறுநீர்த் துவாரத்தின் வழியே புகுந்து, சிறுநீர்ப்பையில் பெருகி, அங்கிருந்து மேலேறிச் சிறுநீரகத் திசுவை அடையும்போது குளிர்காய்ச்சலும் விலாப்புற வலியும் வாந்தியும் தோன்றுகின்றன. இந்நிலையை மருத்துவர்கள் பைலோநெஃப்ரைட்டிஸ் என்று அழைக்கிறார்கள். சிறுநீரை ஆய்வகத்துக்கு அனுப்பி, கிருமியை வளர்த்து, அதற்கேற்ற ஆன்டிபயாடிக்கைத் தேர்ந்தெடுத்தால் பலர் குணமடைந்துவிடுகிறார்கள். ஆனால் சில நோயாளிகளில் அறிகுறிகள் அனைத்தும் தொற்றையே காட்டினாலும், சிறுநீரில் சீழ்ச்செல்கள் நிறைந்திருந்தாலும், ஆய்வகத்திலிருந்து ‘வளர்ச்சி இல்லை’ என்ற அறிக்கையே வருகிறது. அத்தகையோருள் சிலருக்கு நோய் தருபவை அரியவை என்று பெயர்பெற்ற பாக்டீரியாக்கள். அந்த அரிதான தன்மையில் ஒரு பகுதி இயற்கையானதல்ல, சோதனை முறையால் விளைந்தது.

கல்ச்சர் எனப்படும் நுண்ணுயிர் வளர்ப்புச் சோதனையில், மிகச் சிறிய அளவு சிறுநீரை ஊட்டக்கூழ் தடவிய தட்டில் தேய்த்து, உடல் வெப்பத்துக்கு நெருங்கிய வெப்பநிலையில், சாதாரணக் காற்றில், 18 முதல் 24 மணி நேரம் வைத்திருந்து பார்ப்பார்கள். 1956-இல் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் காஸ் முன்வைத்த, ஒரு மில்லிலிட்டரில் 1,00,000 கிருமிகள் என்ற அளவுகோல் இச்சோதனையை மதிப்பிடப் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டு வருகிறது. ஈ.கோலை போன்ற விரைந்து வளரும் கிருமிகளுக்கு இந்த ஏற்பாடு நன்கு பொருந்துகிறது. மெதுவாக வளர்வதும் ஆக்சிஜன் குறைந்த சூழலை விரும்புவதுமான கிருமியோ அதே தட்டில், அதே ஒரு நாளில், கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு ஆக்டினோடிக்னம் ஷாலி. 1997-இல் ஆக்டினோபாகுலம் என்ற பேரினத்தில் வைத்து முதலில் விவரிக்கப்பட்டு, 2015-இல் இப்போதைய பெயருக்கு மாற்றப்பட்ட இப்பாக்டீரியா, கார்பன் டை ஆக்சைடு கூட்டப்பட்ட சூழலிலோ ஆக்சிஜன் அற்ற சூழலிலோ, இரத்தம் கலந்த ஊட்டக்கூழில், ஏறத்தாழ 48 மணி நேரத்தில்தான் நன்கு வளர்கிறது. சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் சோதனைப் பட்டையும் இதைக் காட்டிக்கொடுப்பதில்லை; ஏனெனில் அந்தப் பட்டை தேடும் நைட்ரைட் என்னும் வேதிப்பொருளை இது உண்டாக்குவதில்லை. வளர்ந்தாலும்கூட, தோலில் வாழும் தீங்கற்ற பாக்டீரியாக்களைப் போலத் தோன்றுவதால், மாதிரி எடுக்கையில் கலந்த அசுத்தம் என்று ஒதுக்கப்படுவதுண்டு. டென்மார்க் ஆய்வாளர்கள் மரபணுவைக் கொண்டு கிருமியைக் கண்டறியும் பி.சி.ஆர். முறையால் தேடியபோது, 60 வயதைக் கடந்தவர்களின் சிறுநீர் மாதிரிகளில் 22 விழுக்காட்டில் இது இருந்ததாக 2010-இல் அறிவித்தார்கள். மாதிரியில் இருப்பது மட்டுமே நோயாகிவிடாது என்றாலும், புராஸ்டேட் வீக்கம், சிறுநீர்க் குழாய் அடைப்பு, நீண்ட காலம் பொருத்தப்பட்ட கத்தீட்டர் என்னும் சிறுநீர் வடிகுழாய் ஆகியவை உள்ள முதியோரில் இது சிறுநீரகத்துக்கு ஏறி, இரத்தத்தில் கலந்து, உயிருக்கே ஆபத்தான செப்சிஸ் நிலையை உண்டாக்கியிருக்கிறது.

இதைவிடக் கவலை தருவது மருந்து பற்றியது. சிறுநீர்த் தொற்று என்றதும் வழக்கமாக எழுதப்படும் சிப்ரோஃப்ளாக்சசின், கோ-டிரைமாக்சசோல் ஆகிய இரண்டுக்கும் இக்கிருமி பெரும்பாலும் கட்டுப்படுவதில்லை. அமாக்சிசிலின், செஃப்ட்ரையாக்சோன் முதலியவற்றுக்கோ நன்கு பணிகிறது. கிருமியின் பெயர் தெரியாததால், கைக்கெட்டும் எளிய மருந்து இருந்தும் நோயாளி வாரக்கணக்கில் பயன்படாத மாத்திரையை விழுங்கிக்கொண்டிருக்க நேர்கிறது.

கோரினிபாக்டீரியம் யூரியலிட்டிகம் இன்னும் அரியது, இன்னும் கொடியது. மருத்துவமனையில் நீண்ட நாள் தங்கிப் பல ஆன்டிபயாடிக்குகளை எடுத்துக்கொண்டவர்களின் தோலில் குடியேறும் இப்பாக்டீரியா, அறுவை சிகிச்சை அல்லது கத்தீட்டர் வழியாக உள்ளே புகுகிறது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவர்கள் இதற்கு எளிதில் இரையாகிறார்கள். இது சுரக்கும் யூரியேஸ் என்ற நொதி சிறுநீரிலுள்ள யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்க, அதனால் சிறுநீர் காரத்தன்மை அடைகிறது. அந்தக் காரத்தில் மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் சேர்ந்த உப்புகளும் கால்சியம் பாஸ்பேட்டும் படிகங்களாகி, உப்புநீர் கொதித்த பாத்திரத்தின் அடியில் படியும் காறையைப் போல, சிறுநீரகத்தில் சிறுநீர் வந்து சேரும் அறையின் உட்சுவர் முழுதும் படிகின்றன. என்க்ரஸ்டட் பைலைட்டிஸ் எனப்படும் இந்நிலை கவனிக்கப்படாவிட்டால், அரிதில் கிடைத்த மாற்றுச் சிறுநீரகமே பறிபோகலாம். பல ஆன்டிபயாடிக்குகளை எதிர்த்து நிற்கும் இக்கிருமிக்கு வான்கோமைசின், டைகோபிளானின் வகை மருந்துகள் தேவைப்படுகின்றன; அவற்றோடு சிறுநீரை அமிலத்தன்மைக்குக் கொண்டுவருவதும், படிந்த உப்பைக் கரைப்பதோ அகற்றுவதோ சிகிச்சையின் பிரிக்க முடியாத பகுதிகளாகும்.

எனினும் இந்நோய் தன்னை முற்றிலும் மறைத்துக்கொள்வதில்லை. சிறுநீரின் பி.எச். அளவு தொடர்ந்து 8-க்கு மேல் இருப்பது, அம்மோனியா நெடி, மணல் போன்ற துகள்கள், சி.டி. ஸ்கேனில் உட்சுவரை ஒட்டித் தெரியும் சுண்ணப்படிவு ஆகியவை சேர்ந்து வரும்போது, கல்ச்சர் வெறுமையாக இருந்தாலும் மருத்துவர் ஐயம் கொள்ள வேண்டும். இந்தியாவில் இன்னொரு நோயையும் மறக்கலாகாது: சிறுநீரகக் காசநோயிலும் சீழ்ச்செல்கள் நிறைந்திருக்க, வழக்கமான கல்ச்சர் வெறுமையாகவே வரும், அதை உறுதிசெய்யத் தனிப்பட்ட சோதனைகள் வேண்டும்.

இத்தனைக்கும் தேவைப்படுவது பெரும் செலவல்ல, ஆய்வகத்துக்கு மருத்துவர் எழுதும் ஒரு குறிப்பு. நோயாளியின் வயது, கத்தீட்டர், முந்தைய அறுவை சிகிச்சை, மாற்றுச் சிறுநீரகம், சீழ்ச்செல் இருந்தும் வளர்ச்சி இல்லாத முன்னறிக்கை ஆகியவற்றை அந்தச் சீட்டில் குறித்து, தட்டை 48 முதல் 72 மணி நேரம் வரை கார்பன் டை ஆக்சைடு கூட்டிய சூழலில் வைத்துப் பார்க்கும்படி கேட்டாலே இவ்விரு கிருமிகளும் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். இத்தகைய சூழலில் இருக்கும் முதியவரோ மாற்றுச் சிறுநீரகம் பெற்றவரோ காய்ச்சல் தணியாத நிலையில் ‘வளர்ச்சி இல்லை’ என்ற அறிக்கையைக் கையில் பெற்றால், அதைத் தொற்று இல்லை என்ற சான்றாகக் கொள்ளாமல், சிறுநீரை மீண்டும் நீண்ட நேரம் வளர்த்துப் பார்க்க முடியுமா என்று தம் மருத்துவரிடம் தயங்காமல் கேட்க வேண்டும்.